பின் மூடியைத் திருப்பிப் பார்க்காததால் போன 2,499 ரூபாய்

இன்ஸ்டாகிராமில் வரும் புதுப்புது வாட்ச் பிராண்டுகளில் ஒன்றை வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெயர் போடவில்லை. அதே மாதிரி இன்னும் பத்துப் பேர் விற்கிறார்கள்.

தினமும் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக ஒன்று தேவைப்பட்டது. நீல டயல், மெல்லிய முள், டயலுக்குள் மூன்று குட்டி வட்டங்கள். 7,999-ஐ அடித்துவிட்டு 2,499. ஜப்பான் மெஷின், சஃபையர் கண்ணாடி, ஸ்டீல் பாடி, மழைக்குப் பயமில்லை என்று எழுதியிருந்தார்கள். கைக்கு வந்தபோதும் அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

முதல் வாரமே குட்டி வட்டங்களின் குட்டு வெளிப்பட்டது. அதிலுள்ள முள்கள் டயலோடு ஒட்டியவை. பக்கவாட்டு பட்டன்களும் சும்மா. சரி, மணி காட்டினால் போதும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் மாதம் பைக்கில் நனைந்த அன்று கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. மேலே கீறல் வேறு. மோஸ் அளவில் சஃபையரின் கடினம் 9, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. தெருத்தூசியெல்லாம் சஃபையரைக் கீறாது. என்னுடையது சாதா மினரல் கண்ணாடி.

பஸ் ஸ்டாண்டு ஓரத்து ரிப்பேர்க்கடை அண்ணன், திறப்பதற்கு முன்பே பின் மூடியைக் காட்டினார். "என்ன போட்டிருக்கான், படிங்க தம்பி." 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்.' அதாவது மூடி மட்டும் ஸ்டீல். பாடி முலாம் பூசிய கலப்பு உலோகம், ஓரத்தில் உரியவும் தொடங்கியிருந்தது. பக்கத்தில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்', எண் எதுவும் இல்லை. நீர் அழுத்தம் தாங்கும் அளவு 3 ஏடிஎம் என்று போட்ட வாட்சே கை கழுவவும் தூறலுக்கும்தான் தாங்கும், இது எம்மாத்திரம்?

உள்ளே நகம் அளவுக்கு ஒரு மெஷின். மீதி இடத்தை அடைக்க வெள்ளை பிளாஸ்டிக் வளையம். ஜப்பான் கம்பெனியான மியோட்டாவின் மெஷின் என்றால் அதன் மேலேயே பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். இதில் ஓர் எழுத்துகூட இல்லை. மியோட்டா 2035 ஒன்றும் பெரிய விலைச் சரக்கு இல்லை, எத்தனையோ மலிவு வாட்ச்களில் அதுதான் ஓடுகிறது. அதைப் போடக்கூட இவர்களுக்கு மனசு வரவில்லை.

சின்ன பிராண்டு என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். நண்பன் ஒருவன் வாங்கிய இடத்தில் மெஷின் எண், கண்ணாடி வகை, பட்டையின் அகலம் எல்லாம் கேட்டவுடன் சொன்னார்கள். சீக்கோ என்எச்35 மெஷின், 20 மில்லிமீட்டர் பட்டை. நாலு வருடமாக ஓடுகிறது. நான் விற்பவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "எப்போ டெலிவரி?"

வாட்ஸ்அப்பில் புகார் சொன்னதற்கு, "தண்ணீர் போனால் வாரண்டி கிடையாது சார்" என்று பதில். அப்புறம்தான் பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இறக்குமதி செய்தவர் முகவரி, தயாரான நாடு எதுவும் இல்லை. சட்டப்படி இரண்டும் இருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு 500 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள், அவர்களிடமே இன்னொரு வாட்ச் வாங்கிக்கொள்ள.