கடலா, ஜவ்வாது மலையா? வேலூரிலிருந்து சைக்கிளில் ஒரு சுற்று

பொங்கல் முடிந்ததும் வேலூரிலிருந்து ஒரு நீண்ட சைக்கிள் சுற்று போவது என்று நாங்கள் நாலு பேரும் முடிவு செய்துவிட்டோம், எங்கே என்பதில்தான் ஒரு மாதமாக இழுபறி. இரண்டு பேருக்குக் கடலைப் பார்த்தே ஆகவேண்டும். ஒருவன் ஏலகிரியை விடமாட்டேன் என்கிறான். நான் ஜவ்வாது மலைப் பக்கம். மூன்று வழிகளிலும் தனித்தனியாக ஓட்டியிருக்கிறேன் என்பதால், எதில் என்ன கிடைக்கும், எங்கே உயிர் போகும் என்று எழுதி வைக்கிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நம் ஊரில் சுற்று போடும்போது தூரத்தைவிட, ஏற்றத்தைவிட, நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பகல் பதினோரு மணிக்கு மேல் எந்த ரோட்டில் இருப்போம்? வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை மாதத்தில்கூடக் காலையில் பாலாற்றுப் பாலத்தில் பனி மூட்டமாக இருக்கும், பதினொன்றரைக்குத் தார் ரோட்டிலிருந்து சூடு முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் நிழலோ உயரமோ இல்லாத ரோட்டில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் சுற்று எவ்வளவு அழகாக இருந்தாலும் அழகு கண்ணில் ஏறாது.

ஏலகிரியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏறுவதற்கு அருமையான மலை, 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் வள்ளல்கள், புலவர்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மேலே போனால் சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆனால் அது சுற்று இல்லை. ஏறிய வழியிலேயேதான் இறங்கவேண்டும். அதோடு வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, 65 கிலோமீட்டருக்கும் மேல் லாரிகளோடு ஓரத்தில் ஓட்டவேண்டும். லாரி ஓட்டம் மட்டும் பிரச்சினை இல்லை. வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த கம்பி இழைகள்தான் அந்த ஓரம் முழுக்க. போன வருஷம் பள்ளிகொண்டா தாண்டி எனக்கு ஒரே இடத்தில் இரண்டு முறை பஞ்சர். ட்யூப் மாற்றி, காற்றடித்து, இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி இறங்கியது. டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் சுருக் என்றது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தலைமுடி கனத்தில் ஒரு துண்டுக் கம்பி. நகவெட்டியால் பிடித்து இழுத்த பிறகுதான் நிம்மதி. ஏலகிரிக்குப் போக ஆசை என்றால் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போய், மலையை மட்டும் ஓட்டிவிட்டு வாருங்கள்.

கடல் சுற்று அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை. வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், பிறகு திண்டிவனம், வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி, மறுபடி வேலூர். எல்லாம் சேர்த்து சுமார் 360 கிலோமீட்டர், மூன்று நாள். இந்தச் சுற்றுக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு: பாதி வழி பாலாறு கூடவே வருகிறது. நாம் தினமும் பாலத்தில் கடந்துபோகிற அதே ஆறு, கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேர்கிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஊர் நம்முடையது. அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சைக்கிளில் போய்ப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. வயலூர்ப் பக்கம் முகத்துவாரப் பாலத்தில் நான் நின்றபோது காலை ஏழு மணி, ஒரு பக்கம் மணல், மறுபக்கம் உப்பங்காற்று, வேலூரில் நாம் பார்க்கிற ஆறு என்று நம்பவே முடியவில்லை.

போகும் திசை முக்கியம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால் கடல் இடது கைப் பக்கம், நாம் ஓட்டுவதும் இடது ஓரம்தான், அதனால் நமக்கும் கடலுக்கும் நடுவில் எதிர் வண்டி வராது. தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும், தெற்கே போகிறவர்களை அது பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். புதுச்சேரியிலிருந்து வடக்கே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறோம் என்பதால் வழி முழுக்கக் கடல் தெரியும் என்று இல்லை. பெரும்பாலும் சவுக்குத் தோப்பு, தென்னை, பனை, கழிமுகத் தண்ணீர், மரக்காணம் வந்தால் உப்பளம். கடலைப் பார்க்க அங்கங்கே இடது பக்கம் உள்ளே திரும்பவேண்டும், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, கடப்பாக்கத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, இரண்டும் திரும்பிப் போனதற்குப் பலன் தரும் இடங்கள். நாலுவழிச் சாலை வேலையால் சில இடங்களில் ஓரம் ஜல்லியும் மண்ணுமாகக் கிடக்கும். சனி, ஞாயிறில் சென்னைக் கார்கள் பறக்கும், வார நாளில் போவதே நல்லது.

இப்போது என் பதினோரு மணிக் கேள்வியை இதில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் காலை நாலரைக்குக் கிளம்பி காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிடும்போது மணி ஒன்பது, அதுவரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு, லாரி நடமாட்டம் அதிகம், உச்சி வெயிலில் அதில்தான் இருப்போம். இரண்டாம் நாள் காலை கடற்கரை, சொர்க்கம். பதினொன்றுக்கு மரக்காணத்திலிருந்து உள்ளே திரும்பித் திண்டிவனம் போகும் 35 கிலோமீட்டர், கடல்காற்று பின்னால் விட்டுப்போய்விடும், மறுபடி வெயில். மூன்றாம் நாள் வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி வழி. எனக்கு இந்தச் சுற்றில் மிகவும் பிடித்தது கடல்கூட இல்லை, இந்தக் கடைசிப் பகுதிதான். கோரைப்பாய் நெய்யும் வந்தவாசி, 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதி முடிவுகட்டிய அதே ஊர். அப்புறம் இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லை, ஏரிக்கரைப் பனை, ஆரணியை நெருங்கினால் பட்டுத்தறிச் சத்தம். அறுவடை நேரம் என்றால் ரோட்டிலேயே கதிரைப் பரப்பியிருப்பார்கள், வைக்கோல்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும், பிடிக்காமல் நேராக உருட்டிவிடுங்கள்.

காஞ்சிபுரம் வரை நெடுஞ்சாலை வேண்டாம் என்றால் ஆற்காட்டில் ஆற்றைக் கடக்காமல் தென்கரையிலேயே செய்யாறு வழியாகப் போகலாம். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கூடும், ஆனால் வயல்வெளி. நான் அந்த வழியைத்தான் சொல்வேன்.

சரி, ஜவ்வாது மலை. வேலூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர், கண்ணமங்கலம், வேலூர். மொத்தம் 180, 190 கிலோமீட்டர், இரண்டு நாள். பலர் போளூர் வழியாக ஏறி ஆலங்காயம் வழியாக இறங்குகிறார்கள். நான் ஒருமுறை அப்படிப் போய்த்தான் பாடம் கற்றேன். போளூர் போகவே 50 கிலோமீட்டர், ஏற்றம் தொடங்கும்போது வெயிலும் ஏறிவிடும், மலையின் பெரிய ஏற்றம் முழுக்க அந்தப் பக்கம்தான். இரண்டு பாட்டில் தண்ணீரும் பாதி ஏற்றத்தில் தீர்ந்து, கல்மேல் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து தலையில் புளி மூட்டையோடு இறங்கிவந்த ஒரு அம்மா, "ஏம்பா, தண்ணி வேணுமா? அந்த வளைவு தாண்டுனா ஊத்து இருக்கு" என்று காட்டிவிட்டுப் போனார்.

எதிர்த் திசையில் போனால் நிலைமையே வேறு. ஒடுகத்தூர் வழி மலைகளுக்கு நடுவில் போகிற பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் மலை, நடுவில் வயல், ஏற்றம் தெரியாமல் ஏறும். இலவம்பாடி முள்ளுக் கத்தரி விளைகிற பக்கம் இது. ஆலங்காயம் போகும்போது மணி ஒன்பது, அங்கே சாப்பிட்டுவிட்டுக் காவலூர் ஏறினால் பதினொன்றுக்கு மரநிழலில், 725 மீட்டர் உயரத்தில் இருப்போம். வேலூர் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அந்த ஐந்நூறு மீட்டர் உயரம் காற்றிலேயே தெரியும்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து அங்கே வேலை செய்கிறது. ஊர் விளக்குகள் எட்டாத இருட்டுக்காகத் தேர்ந்தெடுத்த இடம், அதனால் இரவில் அந்தப் பக்கம் முன்விளக்கை மேலே தூக்கி அடிக்காதீர்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவார்கள், கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இரவு ஜமுனாமரத்தூரில் தங்கல். சந்தையில் சாமை, தேன் கிடைக்கும், பையில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு இறக்கம். இந்தச் சுற்றில் ஆபத்து என்றால் இதுதான். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகிவிடும், முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டுப் பிடிக்கவேண்டும், வளைவுகளில் மணல் கிடக்கும், பஸ் ஹாரன் அடித்தால் ஓரத்தில் நின்றுவிடுங்கள். புது பிரேக் பேட் போட்டுக்கொண்டு வராதவனை நான் கூட்டிப்போவதாக இல்லை. எட்டரைக்குப் போளூரில் டிபன், யாருக்காவது முடியவில்லை என்றால் அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, விழுப்புரம்–காட்பாடிப் பாதை. மற்றவர்கள் பதினொன்றரைக்குள் வேலூர்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் இரண்டுக்குமே முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, குடியாத்தம், லத்தேரி, காட்பாடி என்று ஒரு சின்னச் சுற்று போட்டுப் பாருங்கள், 75 கிலோமீட்டருக்குள் வரும். விரிஞ்சிபுரத்துச் சாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர் என்று பெயர். கிளம்பும்போது அங்கே ஒரு நிமிஷம் இறங்கிவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

கடல் கேட்கிற இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன், தையில் ஜவ்வாது, மாசியில் மூன்று நாள் லீவு கிடைத்தால் வயலூர். ஒருவன் ஒத்துக்கொண்டான். இன்னொருவன், உப்பளத்தைப் பார்க்காமல் இந்த வருஷம் முடியக்கூடாது என்று எழுதித் தரச் சொல்கிறான். எழுதித் தந்துவிட்டேன்.