கிளியர் கோட் இல்லாத பழைய கார்: ரப்பிங் போடுவதா, எண்ணெய் ஊட்டுவதா?

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, முதல் தலைமுறை மாருதி 800 என்று எதை வைத்திருந்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். பெயிண்ட் மங்கிவிட்டது, பட்டறையில் விட்டு ரப்பிங் போடுவதா, எண்ணெய்ச் சத்துள்ள பாலிஷை மெதுவாக ஊட்டி மீட்பதா, முழுசாக வேறு பெயிண்ட் அடித்துவிடுவதா? வெடிப்போ துருவோ இல்லாத பெயிண்ட் என்றால் என் பதில் இரண்டாவதுதான். ஏன் என்பதற்குள் போகும் முன், வண்டியில் இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்று பார்த்துவிட வேண்டும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் பிரைமருக்கு மேல் நிறம், நிறத்துக்கு மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் தேய்ப்பதும் மெழுகு பூசுவதும் அந்தக் கண்ணாடிப் பூச்சைத்தான். பழைய வண்டிகளில் அது கிடையாது. வெயில், மழை, துணி எல்லாம் நேராகப் படுவது நிறத்தின் மேல்தான். கண்டுபிடிப்பது சுலபம். கதவின் கீழ்ப்பகுதியில், கண்ணில் படாத ஓரிடத்தில், துளி பாலிஷ் விட்டு வெள்ளை பனியன் துணியால் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். முப்பது நாற்பது வருஷ வண்டியில் ஏதோ ஒரு மட்கார்டாவது இடிபட்டு, பிற்காலத்தில் கிளியர் கோட்டோடு பெயிண்ட் அடித்ததாக இருக்கும். பானட், நான்கு கதவு, டிக்கி என்று தனித்தனியாகச் சோதியுங்கள்.

மங்குவது எப்படி என்று புரிந்தால்தான் எந்த வைத்தியம் என்று முடிவெடுக்க முடியும். பெயிண்ட் என்பது நிறமித் துகள்களும் அவற்றைப் பிடித்துவைக்கும் பிசினும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ள பிசினைச் சிதைக்கிறது. பிடிமானம் போன நிறமி சுண்ணாம்புத்தூள் மாதிரி மேலே நிற்கிறது, உள்ளங்கையால் தடவினாலே ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வண்டியில் இன்னொரு காரணமும் சேரும்: அந்த நிறத்தைத் தரும் டைட்டானியம் டை ஆக்சைடே வெயில் பட்டால் சுற்றியுள்ள பிசினைச் சிதைக்க உதவுகிறது. சிவப்பு வெளிறி ரோஸ் ஆகும், கறுப்பு சாம்பல் பூக்கும். ஆனால் அந்த வறண்ட மேல்தோலுக்குக் கீழே பழைய நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சீரற்ற பரப்பில் ஒளி சிதறுவதால்தான் நம் கண்ணுக்கு வெளிறித் தெரிகிறது.

பட்டறை வழி அந்த மேல்தோலைச் சீவி எடுப்பது. 1500 அல்லது 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்), பிறகு ரப்பிங் காம்பவுண்டு என்ற தேய்ப்புப் பசை, கம்பளிப் பேட் மாட்டிய மிஷின், கடைசியில் வேக்ஸ். அரை நாளில் முகம் பார்க்கலாம். பறவை எச்சம் அரித்த தடம், போர்வெல் தண்ணீரின் உப்புப் புள்ளி, நகத்தில் லேசாகத் தட்டுப்படும் கீறல் எல்லாம் போக வேண்டுமென்றால் இதைத் தவிர வழியும் இல்லை. அந்த அளவுக்கு ரப்பிங்குக்கு நியாயம் உண்டு.

ஆனால் சீவுவது நிறத்தையே. அந்த நிறப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. சமதளத்தில் மிஷின் ஓடும்போது ஒன்றும் தெரியாது, ஆபத்து விளிம்புகளில்தான். அம்பாசடர் பானட்டின் நடுவில் ஓடும் மேடு, பத்மினியின் பின்பக்க மூலை, கதவுகளின் ஓரம். பெயிண்ட் அங்கே ஏற்கெனவே மெல்லிசாக இருக்கும், மிஷினின் அழுத்தமும் அங்கேதான் குவியும். கரும்பச்சை அம்பாசடர் ஒன்றை ரப்பிங் முடிந்த மாலையில் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் ஏரித் தண்ணீர் போல மின்னியது. பானட் மேட்டில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு, பிரைமர். அதற்கு மேல் எந்தப் பாலிஷும் உதவாது, பானட் முழுக்க அடித்தாக வேண்டும். அடித்தாலும் மற்ற பாகங்களின் வயதான பச்சையோடு புதுப் பச்சை சேராது.

தடிமன் மீட்டர் வைத்து அளந்துவிட்டோம், 300 மைக்ரான் இருக்கிறது, தைரியமாகத் தேய்க்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தகரத்துக்கு மேல் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த மீட்டர் காட்டும். பிரைமர், பழைய பெயிண்ட், பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி எல்லாம் அதில் அடக்கம். பழைய வண்டியில் அதிக அளவு காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ரப்பிங் போடும் பழக்கம்தான் இந்த வண்டிகளுக்கு நேரும் பெரிய கேடு என்பது என் உறுதியான கருத்து.

இனி எண்ணெய் வழி. கிளேஸ் என்று விற்கும் எண்ணெய்ச் சத்துள்ள பாலிஷ்கள் கிளியர் கோட்டுக்கு முந்தைய காலத்தவை. 1901-இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான மெகையர்ஸின் 7-ஆம் எண் கிளேஸ் இந்த வேலைக்கென்றே பேர் பெற்றது. வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, தகரம் நன்றாக ஆறிய பிறகு தொடங்க வேண்டும். பூந்துவாலைத் துண்டில் தாராளமாக ஊற்றி, ஒரு நேரத்தில் ஒரு பாகமாகக் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். துண்டின் நூல் சுருள்கள் செத்த தூளை வாரிக்கொண்டு வரும், சிவப்பு வண்டி என்றால் துண்டு குங்குமமாகிவிடும். பிறகு இன்னொரு தடவை கனமாகப் பூசி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். எண்ணெய் வறண்ட பரப்பின் நுண்துளைகளில் இறங்கி நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது, ஆழம் திரும்புகிறது. காலையில் துடைத்துவிட்டு, வறட்சி மிச்சமிருந்தால் மறுபடியும் பூசுங்கள். கடைசியாக, மிக நைசான பாலிஷை மெத்தென்ற ஃபோம் பேடில் ஒரே ஒரு சுற்று. எண்ணெய் இறங்கிய பெயிண்ட் வறண்ட பெயிண்டைப் போல உதிராது, அதனால் அந்தச் சுற்றில் இழப்பதும் குறைவு.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் பிடிக்கும், தோள் வலிக்கும். கீறல் போகாது. மேலே மெழுகு பூசாமல் விட்டால் நாலு கழுவலில் எண்ணெய் வெளியேறி வண்டி பழையபடி ஆகும். துடைத்த உடனே தெரியும் பளபளப்பை நம்பாமல் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், அதுதான் உண்மையான பலன்.

எண்ணெய் என்றதும் மண்ணெண்ணெயும் டீசலும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்து டிரைவர்கள் பலர் துடைத்தது அதில்தான். மினுமினுப்பு ஒரு நாளைக்கு, அதற்குள் தூசி முழுக்க ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஊறி உப்பும். அந்த இரண்டு எண்ணெயையும் தொடவே வேண்டாம். தின்னரும் அப்படித்தான்: டக்கோ என்று நாம் சொல்லும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் கரையும்.

கிளீனர் வேக்ஸ் என்று மூன்றாவது ஒன்று உண்டு, லேசாகத் தேய்த்து மெழுகும் பூசிவிடும் ரகம். ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு வருஷாந்திரப் பராமரிப்பாக அது போதும்.

சிலர் பழைய பெயிண்டுக்கு மேலேயே கிளியர் கோட் அடித்துவிடலாமா என்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. தூள் தட்டிய பரப்பில் பூச்சு பிடிக்காது, ஏடு ஏடாக உரியும். பிடிக்க வேண்டுமென்றால் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தாக வேண்டும், ஆக ரப்பிங்கைவிட அதிகமாக நிறம் போகும். சிந்தெடிக் எனாமலாக இருந்தால் வலுவான தின்னர் கலந்த பூச்சு பட்டதும் அடிப்பெயிண்டே சுருங்கித் தூக்கிக்கொள்ளவும் கூடும்.

மேலே பூசுவது எது என்பதில்தான் கடைக்காரர்களோடு அதிகம் முரண்பட வேண்டியிருக்கிறது. கார்னௌபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது. மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். பெயிண்ட் மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் செராமிக் கோட்டிங் வருஷக்கணக்கில் நிற்கும் என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் செராமிக்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் செராமிக் ஒட்டுவதற்கு முன் ஆல்கஹால் போட்டுப் பரப்பில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைக்க வேண்டும், நாம் ராத்திரி முழுக்க ஊட்டியதை எடுத்துவிட்டுத்தான் அது உட்காரும். பூசிய பிறகு மறுபடி எண்ணெய் ஊட்டவும் வழியில்லை. அடியில் பெயிண்ட் மங்கினால் மிஷின் போட்டுச் செராமிக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும், கூடவே நிறமும் போகும். சீலன்டுக்கும் ஓரளவு இதே சிக்கல்தான். கார்னௌபாவோ எண்ணெய் மேல் சங்கடமில்லாமல் உட்காரும், அடுத்த தடவை அதன் மேலேயே பூசலாம். ஷெட்டில் நிற்கும் கறுப்பு, மெரூன், கரும்பச்சை வண்டிகளுக்கு யோசிக்காமல் கார்னௌபா. தெருவிலேயே நின்று தினமும் ஓடும் வெள்ளை வண்டிக்கு மட்டும் சீலன்ட் என்பேன், வெள்ளையில் ஆழம் பெரிதாகத் தெரிவதில்லை, அங்கே நாள்பட நிற்பதுதான் முக்கியம்.

பெயிண்ட் கண்ணாடி விரிசல் போல வெடித்திருந்தாலோ, அடியிலிருந்து துரு கொப்பளித்திருந்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் பொருந்தாது. வண்டி பெயிண்டரிடம்தான் போக வேண்டும். இன்னும் ஒரு வருஷத்துக்குள் பெயிண்ட் அடிக்கும் யோசனை இருந்தால் சிலிக்கான் கலந்த பாலிஷ் எதையும் இப்போது போடாதீர்கள். அது ஒட்டியிருக்கும் இடத்தில் புதுப் பூச்சு வட்டம் வட்டமாக விலகிக் குழி விழும். ஏற்கெனவே போட்டிருந்தால், பேப்பர் போடத் தொடங்கும் முன்பே பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் முதலில் சிலிக்கானைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.