சைட்கார்: திரையிலும் மோட்டோகிராஸ் திடலிலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கப்சாய் என்ற சிறிய மோட்டார் சைக்கிளில் சைட்கார், அதாவது பக்கப்பெட்டி, பூட்டிச் செம்பனைக் குலை ஏற்றுபவருக்கு சினிமா சைட்காருக்கும் பந்தய சைட்காருக்கும் உள்ள வித்தியாசம் சட்டெனப் பிடிபடும்.

சினிமாவில் சைட்கார் ஒரு நாற்காலி. நண்பன் சாய்ந்து பாடுவான். மோட்டோகிராஸ் என்ற கரடுமுரடான மண்தடப் பந்தயத்தில் சைட்காரில் இருக்கையே கிடையாது. பயணி தட்டில் நின்று, குழாயைப் பிடித்து, தன் உடம்பையே எடைக்கல்லாக்குகிறார். தட்டு இடப்பக்கம் என்றால் இடது வளைவில் அதன் சக்கரம் மேலெழும். வளைவுக்கு முன்பே வெளியே தொங்க வேண்டும். தாமதித்தால் வண்டி கவிழும். வலது வளைவில் ஓட்டுநருக்குப் பின்னால் தாவிப் பின்சக்கரத்தை அழுத்துவார். எனக்கு இதுதான் உண்மையான சாகசம்.

படத்தில் பெட்டி கழன்று தனியே ஓடும். போட்டி வண்டியின் சட்டம் ஒன்றாகவே பற்றவைத்தது, கழலாது. முன்னால் லீடிங் லிங்க் ஃபோர்க், அதாவது முன்னோக்கி நீளும் கைகளில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை. ஏனெனில் சாதாரண ஃபோர்க் பக்கவாட்டு விசையில் முறுகும். உலகப் போட்டி 1980 முதல் நடக்கிறது, பட்டம் ஓட்டுநர், பயணி இருவருக்கும்.