தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வேலை: கோந்தா, வெள்ளைப் பசையா?

மழை ஓய்ந்த கையோடு பழுதுக்கு வந்த ராமர் பட்டாபிஷேகம் ஒன்றைச் சரிசெய்து அனுப்பியாயிற்று. அந்த எரிச்சலிலேயே எழுதுகிறேன். பலகை, துணி, ஜெய்ப்பூர் கல், 22 காரட் தங்கத் தகடான ரேக்கு எல்லாம் வரைகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். தொல்லை முழுக்க மக்கில், அதாவது ரேக்குக்கு அடியில் மேடு எழுப்பப் பொடியையும் பசையையும் குழைத்துப் பூசும் கலவையில்.

அரபிக் கோந்தைக் கட்டியாக வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரில் ராத்திரி ஊறவைத்துத் துணியில் வடிகட்டினால் தூசி, பட்டை நிற்கும். அதில் சலித்த சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடியைக் குழைத்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. மூர்த்தியைச் சுற்றி வளைவாக வரும் பிரபாவளி, நகை, பட்டுக்கரை மேடு எதுவானாலும் ஒரு பூச்சு 1 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுக் கனமாக வைத்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு உள்ளீரம் வற்றும்போது சுருங்கி வெடிக்கும். விசிறிக்கடியில் காயவைத்தாலும் இதே கதி. கோந்து கூடினால் விறைத்து வாய்பிளக்கும். குறைந்தால் ரேக்கை அழுத்தும்போதே பொடியாக உதிரும்.

மர வேலைக்கான வெள்ளைப் பசையில் இந்த நோவு கிடையாது. குழைத்தால் சீராக நிற்கும், ஈரக்காற்றில் அவ்வளவாக இளகாது, பூஞ்சையும் குறைவு. கோந்து மக்கோ ஐப்பசி முழுக்க ஈரத்தை உறிஞ்சும், பங்குனியில் விடும். இப்படி உப்பி உப்பிச் சுருங்கினால் விரிசல் விழாமல் என்ன செய்யும்?

இருந்தாலும் கோந்தைக் கைவிட மனம் வராததற்குக் காரணம் பூஜையறை. இது சுவரலங்காரம் இல்லை. தியான சுலோகம் சொன்னபடி கையும் ஆயுதமும் நிறமும் அமைத்து, கடைசியில் கண் திறந்த மூர்த்தி. பின்னமான படம் பூஜைக்கு ஆகாது என்று நினைக்கிற வீடுகளே அதிகம். கோந்து மக்கை அங்கேயே பழுது பார்க்கலாம். விரிசலில் ஈரத்தூரிகை வைத்தால் பழைய மக்கு இளகும், புது மக்கு அதோடு கலந்து ஒன்றாகிவிடும். மேலே துண்டு ரேக்கு ஒட்டிப் பஞ்சால் ஒற்றினால் இணைப்பு தெரியாது. இறுகிய வெள்ளைப் பசை தண்ணீருக்கு அசையாது. சுரண்டினால் ரேக்கோடு பாளமாகப் பெயரும், சில சமயம் அடித்துணியும் கூடவே வரும். ஒரு முழு வளைவையே புதிதாகச் செய்ய நேரிடும்.

மக்கின்மேல் பழிபோடுமுன் சட்டத்தைப் பாருங்கள். கண்ணாடி கல்லைத் தொடக்கூடாது, இடையில் கட்டை கொடுத்து இடைவெளி விட வேண்டும். பின்பக்கம் பூச்சில்லாத 8 மி.மீ. பிளைவுட் ஈரத்தில் வளையும், மக்கு அதோடு சேர்ந்து கிழியும். 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட் போட்டுப் பின்புறமும் பூச வேண்டும். ஈரத்துணியால் துடைக்கும் பழக்கத்தை என்ன சொல்ல!

பழுதுபார்க்கிறவன் கண்ணுக்குக் கோந்து மக்கை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் கடற்கரையோர வீட்டுக்குக் கேட்டால் வெள்ளைப் பசையிலேயே செய்து கொடுத்துவிடுங்கள். அடுத்த பலகைக்கு நானும் அதைத்தான் எடுக்கப் போகிறேன். பெயர்ந்தால் பெயரட்டும்.