71,000 கிலோமீட்டரும் ஒரு லொடலொடப்பும்

போன வாரம் மச்சினன் போன் பண்ணினான். நான் வைத்திருக்கும் இதே மாடல் காரைத் திருப்பூரில் ஒருத்தர் விற்கிறாராம். 2021 மாடல், டீசல், மேனுவல், 58,000 ஓடியிருக்கிறது, ஆறே கால் லட்சம் சொல்கிறார். "நீங்கதான் அஞ்சு வருசமா வெச்சு ஓட்டறீங்க, வாங்கலாமுங்களா மாமா?" என்றான். போனில் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகும், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இந்த வண்டியைப் பற்றி நியாயமாகப் பேசும் மனநிலையில் நான் இல்லை. முந்தாநாள்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனியின் ரசிகர்கள் ஒரு பக்கம், எதிர்க் கம்பெனியின் ரசிகர்கள் இன்னொரு பக்கம் என்று சண்டைக்கு நிற்பார்கள். இன்ஜின் எவ்வளவு சிசி, ஏர்பேக் எத்தனை, டிக்கியில் எத்தனை லிட்டர் என்பதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். அங்கே கிடைக்காத விஷயம் ஒரு சத்தம்.

40,000 கிலோமீட்டர் சர்வீஸ் முடித்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்த அன்றே ஆரம்பித்தது. இடது பக்கம், டேஷ்போர்டுக்குள்ளே எங்கேயோ ஒரு லொட லொட லொட. நல்ல ரோட்டில் வராது. குண்டுகுழியில் வேகமாகப் போனாலும் வராது. சுமாரான ரோட்டில் முப்பது நாற்பதில் போகும்போது மட்டும், தகர உண்டியலில் நாலைந்து காசைப் போட்டு யாரோ தூக்கத்தில் ஆட்டுகிற மாதிரி வரும். கோயம்புத்தூரில் முக்கால்வாசி ரோடு சுமாரான ரோடு, முக்கால்வாசி நேரம் முப்பது நாற்பதுதான் போக முடியும். ஆக, இரண்டு வருடமாக இந்த உண்டியலோடுதான் ஆபீஸ் போய் வருகிறேன். வீட்டில் கேட்டால் "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பாள். அதுவே இன்னும் எரிச்சல்.

சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஒரே நாடகம். நான் ஓட்டுவேன், அட்வைசர் மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு இடது சீட்டில் உட்காருவார், இரண்டு ரவுண்டு போவோம், சத்தம் வராது. "டெஸ்ட் டிரைவ்ல வரலையே சார்." அவர் இறங்கிப் போய், நான் கேட்டைத் தாண்டி முதல் ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் லொட லொட. மூன்றாவது முறை, டேஷ்போர்டையே முழுசாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், லேபர் மட்டும் 8,500 ஆகும், சத்தம் போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். உத்தரவாதம் இல்லாமல் கழற்றுவதற்கு இவர்கள் எதற்கு, நானே கழற்றிக்கொள்வேனே. சரி, அதை விடுங்கள்.

பொங்கல் முடிந்ததும் நண்பனும் நானும் எட்டு நாள் கிளம்பினோம். அவனுக்கு ஊர் அன்னூர். கல்லூரிக் காலத்திலிருந்து ஹம்பி, ஹம்பி என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். ஆள் ஆறடிக்கு மேல். திம்பம் ஏறி, சாம்ராஜ்நகர், மைசூரு, சித்ரதுர்கா வழியாக ஹொசப்பேட்டை, அப்புறம் ஹம்பி, பாதாமி, ஹூப்ளி வழியாகக் கோகர்ணா, கடலோரமாக உடுப்பி, ஆகும்பே ஏறி மறுபடி மைசூரு, திம்பம் இறங்கி வீடு. எல்லாம் சேர்த்து 2,100 கிலோமீட்டரைத் தொட்டது. ஓட்டியது முழுக்க நான்தான். அவன் லைசென்ஸ் வைத்திருக்கிறான், ஐடி கார்டாக.

இந்தப் பயணத்தில் வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி தெரிந்திருக்கும், புகைபோக்கியில் கரியைப் பிடித்து வைக்கும் அந்த டிபிஎஃப் ஃபில்டர். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது சூடேறாது, கரி எரியாது, அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை எரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலாம்பூர் பைபாஸில் ஒரே சீராக இருபது நிமிடம் சும்மா ஓட்டிவிட்டு வருவேன். கரியை எரிக்க டீசலை எரிக்கிற வேலை, இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் தெரியும். ஆனால் சித்ரதுர்காவிலிருந்து ஹொசப்பேட்டை வரைக்கும் நான்கு வழிச்சாலையில் தொண்ணூறில் விட்டுக்கொண்டே போன பிறகு இன்ஜினுக்கு மூக்கடைப்பு போன மாதிரி இருந்தது. மிதித்த மிதிக்குப் போகிறது. ஊரில் லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி, பயணக் கணக்கில் 21 கொடுத்தது. ஆகும்பே ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்காமல் ஏறியது. டோலுக்கு, 2025 ஆகஸ்டில் வந்த அந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸை, அது 3,000 ரூபாயாக இருந்தபோதே எடுத்து வைத்திருந்தேன். தேசிய நெடுஞ்சாலை டோல்களை ஒரு வருடத்துக்குள் 200 முறை வரை தாண்டலாம், இந்த மாதிரி நாலு பயணம் போனால் போட்ட காசு வந்துவிடும்.

நண்பனுக்கு ஒரே ஒரு புகார். கால் வைக்க இடமில்லை. ஊரில் அம்மா பின்னால் உட்காருவார்கள் என்று இடது சீட்டை எப்போதும் முன்னால் தள்ளியே வைத்திருப்பேன். பயணத்துக்கு அந்த இடத்தில் தண்ணீர் கேன், கேஸ் அடுப்பு, அரிசி எல்லாம் போட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் செருகியிருந்தேன், சீட்டைப் பின்னால் தள்ள வழியில்லை. அவன் முட்டி இரண்டும் குளவ் பாக்ஸில் முட்டிக்கொண்டே வந்தன. "மாப்ள, அந்தப் பெட்டிய டிக்கில போடுறா" என்று தினமும் காலையில் சொல்வான். டிக்கியைக் காலி பண்ணி அடுக்குவது என்றால் அரை மணி நேர வேலை. "அடுத்த ஊர்ல பண்ணிக்கலாம்" என்று நானும் தினமும் சொல்வேன். அப்படியே எட்டு ஊர் போய்விட்டது.

பாதாமியில் அந்தச் செக்கச்செவேல் பாறைக்குக் கீழே, அகஸ்திய தீர்த்தத்தின் படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான், "642ல நரசிம்மவர்ம பல்லவன் காஞ்சிபுரத்துல இருந்து இங்க வந்து வாதாபியப் பிடிச்சான். அவன் வந்த யானைலகூட இதவிடக் கால் வைக்க எடம் இருந்திருக்கும்." பல்லவன் வந்ததற்கு அந்தப் பாறையிலேயே கல்வெட்டு இருக்கிறது. இவன் வந்ததற்கு என் குளவ் பாக்ஸில் இரண்டு வட்டத் தேய்மானம் இருக்கிறது.

மரவந்தே பற்றி ஒரு வார்த்தை. அங்கே ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சௌபர்ணிகா ஆறு. இரண்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலை 66. கோகர்ணாவிலிருந்து தெற்கே வந்தால் கடல் டிரைவர் பக்கம் வரும், ஆறு அவன் பக்கம். போட்டோ எடுக்க என் மேல் படுத்தே எடுத்தான். கடல் பக்கத்து சீட் வேண்டும் என்பவர்கள் உடுப்பியிலிருந்து வடக்கே போங்கள். கார் ரிவ்யூவில் இதெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசி நாள் காராப்பள்ளம் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது ஆறு மணி. கர்நாடகத்திலிருந்து வரும் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டோரம் காத்திருக்கும் இடம் அது. எங்களுக்குத் தாயும் குட்டியுமாக இரண்டு தெரிந்தன, ரோட்டை விட்டுத் தள்ளிப் புதரில். இரவு 9 மணிக்கு மேல் காரையும் விடமாட்டார்கள் என்பதால் நிற்காமல் வந்தோம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாம் கியரிலேயே இறக்கினேன், பிரேக்கில் கால் வைத்தது கொஞ்சம்தான். முன்னால் போன லாரியின் பிரேக் கருகல் வாசம் மட்டும் பண்ணாரி வரைக்கும் கூடவே வந்தது. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு, சத்தியில் டீ, புளியம்பட்டி, அன்னூர். ஒன்பதரைக்கு அவன் வீட்டில் நிறுத்தினேன். அவன் அம்மா "சாப்டாமப் போனா எப்படி கண்ணு" என்று அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றிப் போட்டார்கள். எட்டு நாள் ஜோள ரொட்டியும் நீர் தோசையுமாக இருந்த வாய்க்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, மூன்றாவது முறையும் போட்டுக்கொண்டேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு, முட்டியை இரண்டு முறை மடக்கி நீட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தூங்கப் போய்விட்டான்.

அன்னூரிலிருந்து வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர். ஊர் எல்லையில் முதல் ஸ்பீடு பிரேக்கர்.

லொட லொட லொட.

எட்டு நாளாக அப்படி ஒரு சத்தம் இருந்ததையே மறந்திருக்கிறேன். பேச்சிலும் பாட்டிலும் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆகும்பே ஏறும்போது அவன் தூக்கம், பாட்டு ஆஃப், ரோடு சுமார், வேகம் முப்பது. அங்கே வந்திருக்க வேண்டுமே? கோவில்பாளையத்தில் ஓரமாக நிறுத்தி, காலியாக இருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வண்டியை எடுத்து, இடது கையை நீட்டி குளவ் பாக்ஸை அமுக்கிக்கொண்டே ஓட்டினேன். சத்தம் இல்லை. கையை எடுத்தேன், லொட லொட. அமுக்கினேன், நின்றது. அட்வைசரின் முட்டியும் அங்கேதான் இருந்திருக்கிறது, மூன்று முறையும். வீட்டம்மாவின் முட்டி எட்டாது. ராத்திரி பத்தரை மணிக்குச் சரவணம்பட்டி வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன், யாராவது பார்த்திருந்தால் குடித்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் அவனுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "அப்போ எட்டு நாளும் நான் வேலை பாத்திருக்கேன். சும்மா தூங்கிட்டு வர்றான்னு உடுப்பில அத்தனை பேரு முன்னாடி சொன்ன இல்ல? டீசல் காசுல பாதியத் திருப்பி அனுப்பு" என்றான்.

முந்தாநாள் சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்குக் கதை முழுக்கச் சொன்னேன், பாதிக்கு மேல் அவர் கேட்கவில்லை. குளவ் பாக்ஸில் இருந்ததை எல்லாம் சீட்டில் கொட்டினார்: ஹம்பி நுழைவுச் சீட்டு, பாதி பாக்கெட் முந்திரி, ஒரு கைப்பிடி கோகர்ணா மணல். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அமுக்கி, ஒரே இழுப்பில் கீழே இறக்கினார். இடது பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் கட்டை இருந்தது. வலது பக்கத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. "ஏசி ஃபில்டரு இதுக்குப் பின்னாடிதானுங்ணா இருக்கு. ஃபில்டர் மாத்துனவங்க அமுக்கி எடுக்கையில தெறிச்சிருக்குங்க. தேடி மாட்ட நேரம் இருந்திருக்காது." பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து ஒட்டி, சுற்றி ஃபெல்ட் டேப் போட்டார். இருபது நிமிடம், 150 ரூபாய். அந்த ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். குளவ் பாக்ஸ் முழு செட்டாகத்தான் வரும் என்றார்.

இரண்டு வருடம். மூன்று டெஸ்ட் டிரைவ். 8,500 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட். அவர்களே தொலைத்த ஒரு ரப்பர் கட்டைக்கு.

சரி, மச்சினனுக்கு வருவோம். இன்ஜின் நல்ல இன்ஜின். மலையில் ஏறும், இறங்கும்போது பிடித்துக்கொள்ளும், நெடுஞ்சாலையில் குடிக்காது. எட்டு நாள் தொடர்ந்து ஓட்டி எனக்கு இடுப்பு வலிக்கவில்லை. கிளட்ச் 71,000லும் முதல் கிளட்ச்தான். ஊருக்குள் மட்டும் ஓட்டுவாய் என்றால் டீசலே வேண்டாம், அந்த ஃபில்டர் உயிரை எடுக்கும். ஆனால் நீ வாரா வாரம் சேலம் போகிறவன், உனக்கு ஒத்துவரும். திருப்பூர் வண்டியைப் பார்க்கப் போனால் இடது சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் ஓட்டிப் பார்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் "வாங்காத" என்று போட்டு அனுப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது, இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. பத்து நிமிடத்தில் அவன் திருப்பிக் கூப்பிட்டு, அப்படியென்றால் உங்கள் வண்டியையே ஐந்தே முக்காலுக்குக் கொடுத்துவிடுங்கள், சத்தமும் போய்விட்டதே என்றான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவன் அக்காவிடம் புகார் போயிருக்கிறது.