போனுக்கு ‘பாதுகாப்பு பெக்கேஜ்’ போடப் போகும் மட்டக்களப்பு ஆட்களே, கொஞ்சம் நில்லுங்கள்

124,500 ரூபா. நேற்று இரவு பில்களை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தபோது வந்த தொகை இது. போனில் கீறல் விழக்கூடாது என்று நானாகக் கொண்டுபோய்க் கொடுத்து, விழாத கீறலுக்குக் கட்டிய காசு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், நாளைக்கு இன்னொருவர் அதே கடைப்படி ஏறுவார். இப்படிப்பட்ட கடைகளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. டவுனுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கக் கவர் தொங்கும். போன் சாமானும் விற்பார்கள், ரிப்பேரும் செய்வார்கள். பேஸ்புக்கில் பெரிய பேஜ், டிக்டொக்கில் தினமும் ஒரு வீடியோ. இவ்வளவு போதும்.

போன் சாம்சங் கெலக்சி எஸ்23 அல்ட்ரா. சீட்டுக் காசு கைக்கு வந்ததும் கம்பெனி வொரண்டியோடு வாங்கியது. நான் அதை எப்படி வைத்திருந்தேன் என்று என் வீட்டில் கேளுங்கள். போன் இருக்கிற பையில் வேறொன்றும் இருக்காது. சாப்பிட்ட கையால் தொட மாட்டேன். சார்ஜ் 85 வீதத்துக்கு மேலே ஏற விடுவதில்லை. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படம் எடுப்பதென்றால் மணிக்கட்டில் பட்டி மாட்டித்தான் எடுப்பேன். “அந்தப் போனுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில எனக்கில்லை” என்பது மனைவியின் நிரந்தர வசனம். சிரிப்பவர்கள் சிரியுங்கள். உழைத்து வாங்கிய பொருளைப் புதிது போல வைத்திருக்க ஆசைப்படுவது குற்றமில்லை.

கடற்கரைக்கு மட்டும் கொண்டுபோகவே மாட்டேன். அதற்குக் காரணமும் உண்டு. போன் கண்ணாடியைச் சாவி கீறும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், சாவி இலேசில் கீறாது. மணல்தான் கீறும். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் மணலில் உள்ள குவார்ட்ஸ் 7 என்ற இடத்தில் இருக்கிறது. இந்தக் காலத்துப் போன் கண்ணாடிகளில் பொதுவாக 6 என்ற அளவிலேயே மெல்லிய கோடு விழத் தொடங்கும், 7 என்றால் ஆழமாக விழும். கல்லடிக் கடற்கரையில் ஒருதரம் உட்கார்ந்து எழும்பினால் காற்சட்டைப் பைக்குள் எவ்வளவு மணல் ஏறும் என்று இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே நல்ல கண்ணாடி ஒன்று ஒட்ட வேண்டும். இந்த மொடலுக்கு அது பெரிய வில்லங்கம். திரையின் இரண்டு ஓரமும் வளைவு, சாதாரண டெம்பர் கிளாஸ் ஓரத்தில் படியாது. விரல் அடையாளம் பார்க்கிற சென்சார் திரைக்கு அடியில் இருந்து ஒலி அலையில் வேலை செய்வது, இடையில் காற்று நின்றால் விரலைப் பிடிக்காது. அதனால் ஒரு பசையை ஊற்றி, மேலே கண்ணாடியை வைத்து, யூவீ லைட் (புற ஊதா ஒளி) அடித்துப் பசையை இறுக வைக்கிறார்கள். இதுதான் யூவீ கிளாஸ். இதுவரை பொய் இல்லை.

இனித்தான் கதை.

கவுண்டரில் நின்ற பொடியன் என் கையில் இருந்து போனை வாங்கவில்லை. முதலில் மேசையைத் துடைத்தான். ஒரு புதுத் துணியை விரித்து, “இதில வையுங்க அண்ணன்” என்றான். வைத்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு, போனின் இரண்டு ஓரத்தையும் மட்டும் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தான். மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம், பிறகு கமரா வளையங்களை ஒவ்வொன்றாக. பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். “இஞ்ச வந்து பாருங்க, ஒரு மயிர்க்கோடு கூட இல்லை.” முதலாளி வந்து பார்த்துவிட்டு, “இப்பிடி வச்சிருக்கிற ஆக்களைக் காணக் கிடைக்காது அண்ணன். பெட்டியும் இருக்கா?” என்று கேட்டார். பெட்டி மட்டுமா, அதைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை கூட இருக்கிறது என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அது பாராட்டுச் சிரிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். எப்பேர்ப்பட்ட ஆள் வந்து மாட்டியிருக்கிறான் என்கிற சிரிப்பு அது என்று இப்போது விளங்குகிறது. இந்த ஆளுக்கு எதைச் சொன்னால் பயம் வரும், எதைச் சொன்னால் காசு வரும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

பிறகு பெக்கேஜ் வந்தது. யூவீ கிளாஸ், அதற்கு மேலே ‘நானோ கோட்டிங்’, பின்பக்க ஸ்கின், கமரா வளையம், அதோடு ஒரு வருட ‘டிஸ்பிளே கவர்’. எல்லாம் சேர்த்து 28,500 ரூபா. “ஒரு வருஷத்துக்குள்ள டிஸ்பிளேக்கு என்ன நடந்தாலும் நாங்க பொறுப்பு” என்று முதலாளி சொல்லி, கடைக் கார்ட்டின் பின்புறத்தில் அதை எழுதி, சீலும் குத்தித் தந்தார். நானோ கோட்டிங் 9எச், வைரத்துக்கு அடுத்த கடினம் என்றார். அது சுத்தப் புளுகு. 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற சோதனையின் அளவு, பென்சிலில் இருக்கிற எச்பி போலத்தான். மோஸ் அளவுகோலின் 9க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்றைக்கும் அந்தப் பேஜில் ‘வைர பாதுகாப்பு’ என்று விளம்பரம் ஓடுகிறது.

ஒட்டுகிற வேலையைப் பார்க்க விடவில்லை. “தூசு வரும் அண்ணன், உள்ள தனி ரூம்” என்று கொண்டுபோய்விட்டான். பசை ஊற்றுவதற்கு முன் காதுக்கு வைக்கிற ஸ்பீக்கர் துவாரம், பக்கத்துப் பட்டன்கள், எஸ் பென் (திரையில் எழுத போனுக்குள்ளேயே செருகியிருக்கிற பேனை) துவாரம், மைக் துளை எல்லாவற்றையும் டேப் போட்டு அடைக்க வேண்டும், போன் தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தனி ரூமில் அதில் எது நடந்ததோ தெரியாது. வெளியே வந்த போன் கண்ணாடி போல மின்னியது. 28,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் ‘ஆக்ஸசரீஸ்’ என்று ஒரே ஒரு சொல்.

அடுத்த நாளே தொடங்கியது. எதிர்ப்பக்கம் கதைப்பவர் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலக் கேட்டது. சத்தம் கூட்டுகிற பட்டன் அமுங்கினால் திரும்ப வரவில்லை. எஸ் பென்னை நகத்தால் இழுத்தால்தான் வெளியே வரும். பட்டன் விளிம்பில் கெட்டியாக இறுகின பசையை என் கண்ணாலேயே பார்த்தேன். பசை இப்படி உள்ளே இறங்கிப் போனைக் கெடுக்கும் என்று சாம்சங்கும் ஷாவோமியும் தங்கள் பாவனையாளர்களை எச்சரித்திருக்கின்றன. என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைக்குப் போனேன். “புதுசில அப்பிடித்தான் அண்ணன், செட்டாக ரெண்டு நாள் போகும்.” பிறகு போனால் ஒட்டின பொடியன் லீவு. பிறகு முதலாளி கொழும்பில். பிறகு கரண்ட் இல்லை, மிஷின் வேலை செய்யாது. வட்ஸ்அப்பில் எழுதினால் நீலக்கோடு விழும், பதில் வராது. பேஜின் கீழே மரியாதையாக ஒரு கருத்துப் போட்டேன், அரை மணித்தியாலத்துக்குள் அழித்துவிட்டார்கள். கடைசியில் முதலாளியே போன் எடுத்து, “கொண்டு வாங்க, திறந்து கிளீன் பண்ணித் தாறம், இண்டைக்கு விட்டுட்டுப் போங்க” என்றார். அந்தக் கார்ட்டில் இருந்த சீலை நம்பி விட்டேன்.

திரும்பி வந்தது என் போன் இல்லை. உடம்பு என்னுடையது, திரை என்னுடையதில்லை. வெள்ளைப் பக்கம் நீலம் பாரித்திருந்தது. ஓரத்தின் வளைவு தடித்துக் கையில் இடறியது. விரல் அடையாளம் வைத்தால் போன் திறக்கவே இல்லை. எஸ் பென்னை எடுத்து எழுதிப் பார்த்தேன், ஒரு புள்ளி கூட விழவில்லை. பேனையில் பிழை இருக்காது. அந்தப் பேனை எழுதுவதற்குத் திரைக்குப் பின்னால் தனியாக ஒரு தகடு வேண்டும். மலிவுக் கொப்பித் திரையில் அது இருக்காது, விரல் சென்சாரும் வேலை செய்யாது. சாம்சங் போனில் டயல் பண்ணுகிற இடத்தில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பட்டியல் ஒன்று வரும். கவுண்டரிலேயே அதைத் திறந்து, எஸ் பென் சோதனையில் கோடு விழாததை முதலாளியின் முகத்துக்கு நேரே காட்டினேன்.

“சூடு காட்டித் திறக்கேக்க டிஸ்பிளே போயிற்று, நாங்க எங்கட செலவில வேற போட்டுத் தந்திருக்கிறம்” என்றார், உபகாரம் செய்தவர் மாதிரி.

என் பழைய டிஸ்பிளே எங்கே?

“அது குப்பைக்குப் போயிற்று.”

குப்பைக்கா? ஒரிஜினல் டிஸ்பிளேயின் மேல் கண்ணாடி வெடித்திருந்தாலும் கண்ணாடியை மட்டும் மாற்றி விற்கிற தொழில் ஊருக்கு ஊர் நடக்கிறது. போன் ரிப்பேர் செய்கிற ஒருவன் அதைக் குப்பையில் போட்டான் என்றால் நம்புவதற்கு நான் நேற்றுப் பிறந்தவனா? கார்ட்டை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கீழ விழுந்து உடைஞ்சா மட்டும்” என்றார். என்ன நடந்தாலும் என்று எழுதியிருக்கிறதே என்றேன். “நீங்க தண்ணியில போட்டிருப்பீங்க” என்றார். தண்ணீரில்! மழைத் துளி பட்டால் ஓட்டோ பிடிக்கிற என்னைப் பார்த்து! முதல் நாள் கவுண்டரில் ‘அண்ணன், அண்ணன்’ என்றவர்கள் அன்றைக்கு “இந்த ஆளை ஒருக்கா வெளியில அனுப்பு” என்றார்கள். கடையில் நின்ற மற்றவர்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கம்பெனி சேர்விஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர் ஸ்பீக்கருக்குள் இறுகின பசையையும், உள்ளே தண்ணீர் போகாமல் ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டிய பட்டி அறுந்து கிடந்ததையும் காட்டினார். வெளியாள் திறந்ததால் வொரண்டி போயிற்று. ஒரிஜினல் டிஸ்பிளேயும் வேலையும் 96,000 ரூபா. 28,500உம் 96,000உம், 124,500 ரூபா. ஒரு கீறலும் விழாத போனுக்கு 124,500 ரூபா! கீறல் விழுந்தபடியே பாவித்திருந்தால் ஒரு சதமும் போயிருக்காது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொருளை வாங்கி அல்லது வேலையைச் செய்வித்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைத் தள்ளிப்போட வேண்டாம். “நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க” என்று கடைக்காரர்கள் இழுப்பது எதற்கென்று அந்த மூன்று மாதத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

விவரமாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன். இப்போது அதற்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: யூவீ பசைக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், வளைவுத் திரைக்குச் சாதாரண பிலிம் ஒட்டி அது கீறுப்பட்டால் உரித்து வேறு ஒட்டுங்கள். உள் ரூமுக்குப் போனைக் கொடுக்காதீர்கள், உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், முடியாது என்றால் எழும்பி வாருங்கள். *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கிற ஐஎம்ஈஐ இலக்கத்தை எடுத்துப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். என்னென்ன வேலை, எவ்வளவு காலப் பொறுப்பு என்பதும் அதே பில்லில் இருக்க வேண்டும், கார்ட்டின் பின்புறத்தில் இல்லை. ரிப்பேருக்கு விட்டால் கழற்றின பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கல்முனையிலும் இதே மாதிரிப் பெக்கேஜ் போடுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது அதே ஆட்களா என்று தெரியவில்லை. கடைப் பெயரைக் கேட்டு இன்பொக்ஸுக்கு வர வேண்டாம், முறைப்பாடு விசாரணைக்கு வரும்வரை சொல்ல மாட்டேன். இதே கடையில் காசு விட்ட வேறு யாராவது இருந்தால், பில்லையோ அந்த மாதிரிக் கார்ட்டையோ படம் எடுத்து அனுப்புங்கள், என் கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.