கம்ப்யூட்டரில் சிக்குக் கோலம்: நாலு மார்கழி அனுபவம்

குரோம்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலுக்காக பைத்தான் என்ற நிரல்மொழியில் கோலம் போட ஆரம்பித்து இது நாலாவது மார்கழி. முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் ஆஹா ஓஹோ என்று எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

நான் பயன்படுத்துவது பைத்தானோடு இலவசமாகவே வரும் டர்டில். திரையில் ஒரு அம்புக்குறி, அதாவது 'ஆமை', நகர்ந்து நகர்ந்து கோடு இழுக்கும். நான் எடுத்துக்கொண்ட விதி ரொம்பச் சின்னது: அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழைகள் ஒன்றையொன்று வெட்டிப் போகலாம், இல்லை வெட்டாமல் வளைந்து அவரவர் புள்ளிப் பக்கமே திரும்பிவிடலாம். 5×5 நேர் புள்ளியில் இப்படி 40 இடைவெளிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி என்றால் மொத்தம் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் கோலங்கள். அம்மாவிடம் சொன்னேன். "அத்தனைக்கும் வாசலுக்கு எங்கடி போறது?" என்றாள்.

ஏதோ நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஒரு மாதம் மிதப்பில் இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி 1974இலேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். மிதப்பு இறங்கியது.

எல்லா இடைவெளியிலும் வெட்ட விட்டால் 5×5இல் ஐந்து தனித்தனி இழை வரும். 5×4 என்றால் ஒரே இழை. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ அத்தனை இழை (பள்ளிக்கூடத்தில் எதற்கு இது என்று கேட்ட கணக்கு, வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது). ஐந்தையும் ஒன்றாக்கக் குறைந்தது நாலு இடத்திலாவது வெட்டை எடுக்க வேண்டும். எந்த நாலு என்று தேடி எனக்கு ஒரு வாரம் தூக்கம் போனது.

கால் சுற்று திருப்பினாலும் அதே உருவம் வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். லட்சம் கோடி, 1,024 ஆகச் சுருங்கியது. அதை உட்கார்ந்து பார்த்துவிடலாம். பார்த்தோம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. பத்தாவது படத்திலேயே அம்மா சொல்லிவிட்டாள்: "இது கோலம் இல்லடி, ஜன்னல் கிரில்." கடைசியில் பதினொன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் அந்தப் பதினொன்று என்று கேட்டால் "பாத்தா தெரியலயா?" என்பதுதான் பதில். தள்ளியவற்றை வைத்து நானே யூகித்தேன். நாலு பக்கமும் வெட்டில்லாமல் தனி வட்டத்துக்குள் அடைபட்ட புள்ளி அவளுக்கு ஆகாது. ஓரமெல்லாம் நெருக்கமாகி நடு மட்டும் வெறிச்சென்று கிடந்தாலும் ஆகாது. இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு அடுத்த மார்கழிக்கு நிரலை மாற்றினேன். முதலிடம் பிடித்த கோலத்தைப் பார்த்தவள், "போன வருஷம் போட்டதுதானே இது" என்று எழுந்து போய்விட்டாள்.

மூன்றாவது வருடம் ஒரு படம் வரையும் ஏஐ செயலியையும் விட்டுப் பார்த்தேன். பார்க்க அசல். உற்றுப் பார்த்தால் இழை பாதியில் செத்துக் கிடக்கும், புள்ளி மேலேயே கோடு ஏறியிருக்கும். இரண்டே நாளில் நீக்கிவிட்டேன்.

டர்டிலின் பெரிய குறை, மந்தம். அதனால் நகர்வை அணைத்துவிட்டு முடிந்த படத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தற்செயலாக அணைக்க மறந்துவிட, ஆமை ஊர்வதை அம்மா கவனித்தாள். "இவ்வளவு தூரம் சுத்திட்டு மறுபடி நடுவுல வந்தா, போட்டதை மிதிச்சு அழிச்சுட மாட்டோமா?" அப்போதுதான் உறைத்தது. ஆமைக்குக் காலில்லை, முதுகுவலி இல்லை. அம்மா ஒரு மூலையை முடித்துவிட்டுத்தான் அடுத்த மூலைக்கு நகர்வாள். ஒரே இழை என்பது முடிந்த பிறகு தெரிவது, போடும்போது அது துண்டு துண்டுதான்.

இந்த வருடம் வாசலுக்கு நட்டநடுவே புதிதாக ஒரு சாக்கடை மூடி போட்டுவிட்டார்கள். என் கட்டத்தில் அதற்கு இடமே இல்லை. நான் கோலத்தை ஓரமாகத் தள்ளப் பார்த்தேன். அம்மா மூடியையே ஒரு பெரிய புள்ளியாக எடுத்துக்கொண்டு, சுற்றிலும் இழையை வளைத்துக்கொண்டு போய்விட்டாள். படைப்பாற்றலையும் செயற்கை அறிவையும் ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிஞர் மார்கரெட் போடன் படைப்பாற்றலை மூன்றாகப் பிரித்தார்: இருப்பதைப் புதிதாகச் சேர்ப்பது, விதிக்குள் துழாவுவது, விதியையே மாற்றுவது. என் நிரல் நாலு வருடமாக இரண்டாவதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. புள்ளிகள் வெவ்வேறு அளவில் இருக்கலாம் என்று மாற்றி எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. அம்மாவுக்கு ஆனது, வாசல் தெளித்த தண்ணீர் காய்கிற நேரம்.

விட்டுவிட்டேனா என்றால் இல்லை. அச்செடுத்த தாள்கள் அடுப்படி அலமாரியில் எண்ணெய்க் கறையோடு இருக்கின்றன. சிலவற்றில் பென்சிலால் அம்மா திருத்தியிருக்கிறாள். போன வாரம் அவளே வந்து கேட்டாள்: "இது எவ்வளவு மாவு இழுக்கும்னு உன் ஆமை சொல்லுமா?" இழையின் நீளத்தைக் கூட்டும் நிரலை இன்று ராத்திரி எழுதுகிறேன்.